மயிலின் கண்ணுக்குக் கீழே

மயில் தும்மும் என்பது நம் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அகவும், தோகை விரிக்கும், பாம்பைக் கொத்தும் என்பதெல்லாம் தெரியும். தும்மும் என்பதை நான் ஒன்பது வயதில் தெரிந்துகொண்டேன். பூனை தும்முவது போன்ற சின்ன ஓசைதான். தும்மியதும் தலையைப் பக்கவாட்டில் உதறும். மூக்குத் துளையிலிருந்து ஒரு சொட்டு தெறித்துச் சுவரில் ஒட்டும். அந்த ஆனி மாதம் எங்கள் வீட்டுப் புழக்கடைச் சுவரில், என் இடுப்பு உயரத்துக்கு, அப்படி உலர்ந்த புள்ளிகள் வரிசையாக இருந்தன.

வீடு தென்காசியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அப்பா அங்கே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. இரண்டாவது உலக யுத்தம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. புழக்கடையில் நின்றால் மேற்கே மலை. சாரல் நாட்களில் மேகம் விலகும் சில நிமிடங்களில், கரும்பாறையில் யாரோ சுண்ணாம்புக் கோடு இழுத்தது போல அருவி தெரியும். "தண்ணி விழுதுலே!" என்று யாராவது ஒருவர் கத்துவார். தெருவே வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்க்கும்.

அந்த மயில் எங்களுடையது அல்ல, முருகனுடையது. தம்பிக்கு மூன்று வயதில் இருபத்தொரு நாள் காய்ச்சல் வந்தது. பதினெட்டாம் நாள் அவன் கண் செருகியபோது அம்மா மலையைப் பார்த்துக் கையெடுத்து, பிள்ளை பிழைத்தால் ஆண் மயில் ஒன்றை வளர்த்து, தோகை வந்த வருஷம் ஆடிக் கிருத்திகையன்று கோயிலில் விடுவதாக நேர்ந்துகொண்டாள். தம்பி பிழைத்தான். புல்லறுக்கிற ஒருவர் வயல் வரப்பிலிருந்து எடுத்துவந்த நான்கு முட்டைகளைப் பக்கத்து வீட்டு அடைக்கோழியின் கீழ் வைத்தார்கள். இரண்டு பொரித்தன. பெட்டை ஒரு வாரத்தில் செத்தது. ஆண் குஞ்சு பிழைத்தது. அது கோழியோடும் கோழிக் குஞ்சுகளோடும் ஒரே கூட்டில் வளர்ந்தது. அந்தக் கோழிக்கு எப்போதும் மூக்கு ஒழுகும். அதை நாங்கள் கோழியின் சுபாவம் என்றே நினைத்திருந்தோம்.

எங்கள் தெருவில் நேர்ந்துவிட்ட உயிருக்கு ஒரு சட்டம் உண்டு. அதன் மேல் இரும்பு படக்கூடாது. ஆடானால் மயிர் கத்தரிக்க மாட்டார்கள். மாடானால் லாடம் கிடையாது. இரும்பு பட்டுவிட்டால் அது சாமியுடையது அல்ல என்று ஆகிவிடும். யாருக்காக நேர்ந்தோமோ அவருக்கு அதன்பின் காவல் இல்லை. அம்மா இதை எழுத்துக்கு எழுத்து நம்பினாள். அரிவாள்மணையைக்கூட மயில் நடமாடும் பக்கம் வைக்க மாட்டாள். அதற்குத் தண்ணீர் மண்சட்டியில், தீனி பனையோலைப் பெட்டியில். மயிலுக்கு ஒன்று வந்தால் தம்பிக்கு வந்தது போல என்பதும் அவள் கணக்கு. அவன் மண்ணில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், முதலில் மயிலின் காலைப் போய்ப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை மாலை அதற்கு மரியாதை நடக்கும். கூடத்துக் கதவைச் சாத்தி, மயிலைப் பலகைமேல் நிறுத்தி, முகத்துக்கு நேரே சாம்பிராணி காட்டுவாள். புகை உத்தரத்தைத் தொட்டுக் கீழே இறங்கும். அந்தப் புகைக்குள் மயிலின் கழுத்து நீலமாகவும் இல்லாமல் பச்சையாகவும் இல்லாமல், அது தலையைத் திருப்பும்போதெல்லாம் வேறொன்றாக மாறும். நானும் தம்பியும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்போம். அப்போதுதான் அது முதன்முதலில் தும்மியது.

"பாத்தியளா, சாமி உத்தரவு குடுக்காரு" என்றாள் அம்மா.

கோழிக்குச் சொந்தக்காரியான பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மனுசன் தும்முனா சகுனத் தடைங்கியோ. மயிலு தும்முனா உத்தரவா மதினி? நல்லா இருக்கே ஞாயம்!"

"ஒங்க கோழிதான் ஒழுங்கா வளக்கல" என்று அம்மா ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் உண்மை அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் போனது. பல வருஷம் கழித்துக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கோழிக்குச் சாதாரணச் சளியாக இருப்பது மயிலுக்கு முகத்தின் எலும்புப் பள்ளத்தில் இறங்கிச் சீழாகும் என்றார். கோழிக்கூடு ஆகாது, புகை ஆகாது, ஈரம் ஆகாது என்றார். நாங்கள் மூன்றையும் கொடுத்தோம், பக்தியோடு கொடுத்தோம்.

ஆனி பத்து வாக்கில் கண்ணோரம் சோப்பு நுரை போல நுரை கட்டியது. மயிலின் முகத்தை நெருக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு மேலும் கீழும் இறகில்லாத வெள்ளைத் தோல் இருக்கும். வலக்கண்ணுக்குக் கீழே அந்தத் தோல் துவரம்பருப்பு அளவுக்கு உப்பியது. மூன்றாம் நாள் கொண்டைக்கடலை அளவு. அதே வாரம் சாரல் காற்றில் தம்பிக்கும் ஜலதோஷம். அம்மா ஆடிப்போனாள். இரண்டு பேரையும் அடுக்களையில் பக்கம் பக்கமாக வைத்து வைத்தியம் நடந்தது. தூதுவளைக் கஷாயம் அவனுக்கு ஒரு பாலாடை, மயிலுக்கு ஒரு பாலாடை. நொச்சி இலை போட்டுக் கொதிக்கும் பானைக்கு முன்னால் போர்வைக்குள் அவன், பிறகு அதே போர்வைக்குள் மயில். நான் அதன் காலைப் பிடித்திருந்தேன். போர்வைக்கு வெளியே மூன்று முழத் தோகை தரையில் கிடந்தது.

"எம்மா, அது என் போர்வை" என்றான் தம்பி.

"சாமி போத்துன போர்வைலே. குடுத்து வச்சிருக்கணும்."

ஆவிக்குப் பின் அதன் நெற்றியிலும் மூக்கிலும் திருநீறு அப்புவாள். மூக்கிலிருந்து ஒழுகிய நீரும் திருநீறும் சேர்ந்து உலர்ந்து சுண்ணாம்புக் காரை போல இறுகின. மயில் அலகைத் திறந்து மூச்சுவிடத் தொடங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

பிறகு குற்றாலம். அருவித் தண்ணீர் பட்டுத் தீராத நோய் இல்லை என்பதில் தென்காசியில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அம்மா ஒரு குதிரைவண்டி பிடித்தாள். மூடி போட்ட பெரிய மூங்கில் கூடைக்குள் மயில், தோகை மட்டும் பின்பக்கம் வெளியே. ஐந்தருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல கூட்டம். எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டிருந்த ஒரு தடித்த மனிதர் கூடையைப் பார்த்துக் கும்பிட்டார். எண்ணெய் முழங்கை வழியாக வடிந்தது.

சாரல் தெறிக்கும் ஒரு பாறையில் அம்மா அதை இறக்கினாள். காலில் கட்டிய துணியின் மறுமுனை என் கையில். ஐந்து பிரிவாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பேச்சுக் கேட்காது. மயில் நல்ல கண்ணை அருவிப் பக்கம் திருப்பி அசையாமல் நின்றது. பிறகு, நான் சற்றும் எதிர்பாராத நேரத்தில், தோகையை உயர்த்தியது. முழுசாகக் கண் வந்த தோகையை அது விரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இறகுத் தண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலத்ததை அந்த இரைச்சலுக்குள்ளும் கேட்டேன். அல்லது துணி வழியாக என் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. ஒவ்வொரு கண்ணிலும் நீர்த்துளி. அருவிக்குள் நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ குலவை போட்டார்கள். முகத்தில் பாதி வீங்கி, ஒரு கண் நுரையில் மூடி, அது நடுவில் நின்றது.

அடுத்து மூன்று முறை தும்மியது. தோகை மடங்கி விழுந்தது.

"முருகன் கேட்டுட்டான், கேட்டுட்டான்" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை வீக்கம் நெல்லிக்காய் அளவு. கண் முழுதாக மூடிவிட்டது. இடப்பக்கமும் லேசாக உப்பியிருந்தது.

தெருக்கோடியில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குடியிருந்தார். அப்பா அவரை அழைத்து வந்தார்.

"அண்ணாச்சி, நான் மனுசனுக்குத்தான் கம்பவுண்டர்" என்றார் அவர், செருப்பைக் கழற்றியபடி. "முருகன் வாகனத்துக்கெல்லாம் படிக்கல. கடிச்சா நீங்கதான் பொறுப்பு."

ஆனால் மடியில் வைத்துக்கொண்டதும் அவர் முகம் மாறியது. முதலில் மூக்கைப் பார்த்தார். "இது என்னது? கொத்தனாரக் கூப்பிட்டுப் பூசுனியளா?" அம்மா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தில் வெள்ளியால் ஆன குறும்பிவாங்கி தொங்கும். காதுக் குறும்பி எடுக்கும் சின்னக் கரண்டி அது. அதை வாங்கி, வெந்நீரில் தோய்த்து, திருநீற்றுக் காரையைத் துளித் துளியாகப் பெயர்த்தார். மயில் மூக்கால் மூச்சு இழுத்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. காலராக் காலத்தில் கிணற்றில் போடும் ஊதா மருந்தைத் தண்ணீரில் ரோஜா நிறத்துக்குக் கரைத்துச் சொட்டு விடச் சொன்னார். பிறகு வீக்கத்தை விரலால் அழுத்தினார்.

"தண்ணியா இருந்தா இதுலயே வடிஞ்சிரும். இது உள்ள கட்டிப்போச்சு, சீம்பால் கட்டி மாதிரி. சின்னதா ஒரு கீறல் போட்டு எடுக்கணும்."

"இரும்பு படக்கூடாது அண்ணாச்சி" என்றாள் அம்மா.

அவர் ஊர்க்காரர். திரும்பச் சொல்ல வைக்கவில்லை. மூன்று நாள் சொட்டு விட்டுப் பார்த்தோம். எலுமிச்சை முள்ளைக் கொதிக்க வைத்துக் குத்திப் பார்த்தார். முள் மழுங்கியது, தோல் விடவில்லை. குறும்பிவாங்கியின் மறுமுனையில் இருந்த கூர்முள்ளும் வளைந்தே போனது. நான்காம் நாள் அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "உள்ளேருந்து கண்ணு முழியத் தள்ளுது தங்கச்சி. நாளைக்கு மேல போனா அந்தக் கண்ணு இல்ல. மறுபக்கமும் கட்டுனா ரெண்டும் இல்ல. பெறகு அது தீனி எப்படித் தேடும்? யோசிச்சுக்கோங்க."

அன்று அப்பாவும் அம்மாவும் பேசியதை நான் அரிசி புடைத்தபடி கேட்டேன்.

"ஒரு கண்ணோடயே விட்டுருவோம்ளா" என்றார் அப்பா. "நேந்தது மயிலத்தான, கண்ணயா நேந்த? இரும்பு பட்டு, நாளைக்குப் பயலுக்கு ஒண்ணுன்னா நீ தாங்குவியா?"

அம்மா முற்றத்தைப் பார்த்தாள். தம்பி முற்றத்தில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். பலகையில் ஆணி உரசுவது கேட்டது.

"கண்ணவிஞ்ச மயில அவன்கிட்ட குடுத்துட்டு, எம் புள்ள கண்ணு நல்லா இருக்கணும்னு எந்த வாய வச்சுக் கேப்பேன்?"

"அப்ப நேர்ச்ச?"

"தெரியல" என்றாள். அம்மா எதைப் பற்றியும் தெரியவில்லை என்று சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

மறுநாள் மதியம். தம்பியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கம்பவுண்டர் சின்னக் கத்தி ஒன்றைக் கொதிநீரில் போட்டிருந்தார். மயிலை ஒரு பழைய வேட்டியில் தலை மட்டும் தெரியச் சுற்றி, அப்பா மடியில் வைத்துக்கொண்டார். அன்று அவர் ஆபீஸ் போகவில்லை. நான் கால்களைப் பிடித்தேன். செதில் செதிலான அந்தக் கால்கள் காய்ச்சல்காரனின் கை போலச் சுட்டன.

கம்பவுண்டர் கத்தியை எடுத்தார். அம்மா கையை நீட்டினாள்.

"எடத்தக் காட்டுங்க. நான் கீறுதேன்."

"ஏம்மா, கை நடுங்கிட்டா?"

"நடுங்காது. அந்தப் பாவம் ஒங்களுக்கு வேண்டாம். எம் புள்ளைக்கும் வேண்டாம். யாரு கீறுனான்னு முருகன் கேட்டா, பதில் சொல்ல ஆளு இருக்கணும்லா?"

அவர் விரல் நகத்தால் வெள்ளைத் தோலில் ஒரு கோடு அழுத்திக் காட்டினார். கண்ணிலிருந்து ஒரு நெல் நீளம் தள்ளி, படுக்கை வாக்கில். அம்மா கத்தியை வைத்தாள். தோல் வெண்ணெய்த்தாள் போலப் பிரிந்தது. ரத்தம் நான் நினைத்ததைவிடக் குறைவு. "அமுக்குங்க, கீழேருந்து மேல" என்றார் கம்பவுண்டர். அம்மா இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கீறலின் வாயில் மஞ்சளாக ஒரு முனை தெரிந்தது. நகர்ந்து நகர்ந்து, ஒரே துண்டாக வெளியே வந்து அப்பாவின் வேட்டியில் விழுந்தது. புளியங்கொட்டையைவிடப் பெரியது. மயிலின் முகத்துக்குள் இருந்த பள்ளம் எப்படியோ அதே அச்சு. ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் மடிப்பு. வாடை கெட்ட முட்டை போல இருந்தது. மயில் கத்தவில்லை. ஒருமுறை நீளமாக மூச்சு விட்டது.

கம்பவுண்டர் ரோஜா நிறத் தண்ணீரைப் பீச்சாங்குழலால் கீறலுக்குள் செலுத்தினார். அது மூக்கு வழியே ஒழுகி வந்தது. "பாருங்க, வழி தொறந்துட்டு" என்றார். இமையை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி நுரையைக் கரைத்தார். இமை ஒட்டியிருந்தது. அப்புறம் பிரிந்தது.

நண்பர்களே, அதன்பின் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளம், தீ, கூட்டம், பெரிய மனிதர்கள். எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஐந்தாறு நாள் மூடியிருந்த அந்தக் கண் திறந்ததை எழுத இன்னும் சரியான சொல் கிடைக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். உள்ளே சாம்பல் படலம் இல்லை, சிவப்பு இல்லை. பழுப்பு நிறத்தில், ஈரமாக, முழுசாக ஒரு கண் இருந்தது. பாவை சுருங்கி, விரிந்து, ஓர் இடத்தில் நின்றது. அது அம்மாவைப் பார்த்தது. அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ரத்தம் பட்ட கையாலேயே கும்பிட்டாள். கம்பவுண்டரும் எழுந்து நின்றுவிட்டார். அவர் எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கீறலைத் தைக்கவில்லை. உள்ளிருந்து ஆற வேண்டும் என்று திறந்தே விட்டார். தினமும் இரண்டு வேளை நானும் அம்மாவும் கழுவினோம். சாம்பிராணியை அவர் நிறுத்தச் சொன்னார். கோழியை அண்டவிடாமல் மயிலை விறகுக் கொட்டகையில் காய்ந்த மணல்மேல் வைத்தோம். இடப்பக்கத்து வீக்கம் சொட்டு மருந்திலேயே வடிந்தது. மூன்று வாரத்தில் புளியிலை அளவு ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. அந்த மூன்று வாரமும் அம்மா தம்பியைத் தெருவுக்கு விடவில்லை. அவன் சிணுங்கினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அவனுக்கு ஒன்றுமில்லை, தின்று தீர்த்தான். அவள்தான் மெலிந்தாள்.

ஆடிக் கிருத்திகையன்று கோயிலுக்குப் போனோம். குற்றாலம் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே ஒரு பாறைமேல் இருந்த சின்ன முருகன் கோயில் அது. வரிசையில் பால் குடங்களும் சேவல்களும். எங்கள் முறை வந்ததும் பூசாரி மயிலை வாங்கக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை.

"சாமி, ஒண்ணு சொல்லணும். இது மேல இரும்பு பட்டிருக்கு. நான்தான் கீறுனேன்."

எங்களுக்குப் பின்னால் நின்றவள் இடுப்புக் குழந்தையை மயிலிடமிருந்து விலக்கி மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பூசாரி குனிந்து தழும்பைப் பார்த்தார். விரலை மயிலின் வலக்கண் முன் ஆட்டினார். அது இமைத்தது.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே தாயி."

"எனக்குத் தெரியுமே சாமி."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கோபமாக இல்லை. "நான் கையால வாங்கக்கூடாது. வழக்கம் அப்படி. இங்கன எறக்கி அவுத்துவிடு. தானா வாசப்படி ஏறி உள்ள வந்துட்டா, அவன் வாங்கிக்கிட்டான்னு வச்சுக்கலாம்."

அம்மா மயிலை இறக்கிக் காலின் துணியை அவிழ்த்தாள். முடிச்சு மூன்றாம் முறைதான் விட்டது. மயில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. வாசற்படியை நோக்கி இரண்டு அடி வைத்தது. ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. "போ, போ" என்று தம்பி மூச்சுக்குள் சொன்னான். வரிசையில் ஒருவர்கூட அசையவில்லை.

அது திரும்பியது. பாறையின் விளிம்பு வரை தோகை இழுபட ஓடி, எம்பியது. இரும்பு படக்கூடாது என்பதால் அதன் சிறகை யாரும் கத்தரித்ததில்லை. விறகு அடுக்குக்கு மேல் பறந்து பார்த்திராத பறவை, வயலுக்கு மேலே போயிற்று. விரிந்த சிறகுக்குள் செம்மண் நிறத்தில் இறகுகள் இருந்தன. அத்தனை நாள் அதைக் கழுவித் துடைத்திருந்தும் அந்த நிறம் அதனிடம் இருப்பது எனக்குத் தெரியாது. சாரலுக்குள் நுழைந்தது. மலையடிவாரத்து மரங்களுக்கு மேல் ஒருமுறை நீலமாகத் தெரிந்தது. பிறகு மேகம்தான்.

அப்பா தம்பியின் தோளைப் பிடித்திருந்தார்.

"மலை அவனுதுதான சாமி?" என்றாள் அம்மா.

பூசாரி மலையைப் பார்த்தார். உள்ளே கருவறையைப் பார்த்தார். மறுபடியும் மலையைப் பார்த்தார்.

"அவனுதுதான்" என்றார். திருநீறு எடுத்துத் தம்பியின் நெற்றியில் பூசினார்.

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. நேர்ச்சை செலுத்தியாயிற்றா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆனால் அந்த வருஷமும், தம்பி மீசை முளைத்து ராணுவத்துக்குப் போகும் வரை பின்வந்த வருஷங்களும், அவன் தும்மினால் நாங்கள் எல்லோரும் அவனைப் பார்ப்போம். அம்மா மட்டும் எழுந்து புழக்கடைக்குப் போய் மலையைப் பார்ப்பாள்.